"வாய்தா போட்டிருக்காங்கம்மா" என்ற ஒரே பதில்: அக்காவின் வீட்டுக்கு வந்த ஆபத்து

கோர்ட்டில் சிவில் வழக்கு இருக்கிறது, வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். என் அக்கா குடியிருக்கும் வீடு எதிராளி பெயருக்கு மாறும் கட்டம் வரை போய்விட்டது. வாதாடித் தோற்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அக்கா தரப்பில் கோர்ட்டில் ஒரு வரிகூடத் தாக்கல் ஆகவே இல்லை.

அத்தானின் சிகிச்சைக்காக அக்கா வட்டிக்குப் பணம் வாங்கியிருந்தார். கொடுத்தவர் அடமானம் எழுதாமல் வீட்டுக்குக் கிரய அக்ரிமெண்ட் போட்டுப் பதிவு செய்துகொண்டார். எங்கள் பக்கம் இது சர்வசாதாரணம். அத்தான் இறந்தபிறகு வட்டி நின்றது. உடனே அவர், அக்ரிமெண்ட்படி வீட்டைக் கிரயம் செய்து தர வேண்டும் என்று ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கைப் போட்டார். வாங்கியது கடன்தான், விற்கும் எண்ணமே இல்லை என்று சொல்ல அக்காவிடம் ஆதாரம் இருந்தது. வட்டி கொடுத்த வங்கிக் கணக்கு விவரம் முழுவதையும் வக்கீலிடம் கொடுத்தார்.

அவர் ஊரில் பெயர் தெரிந்த வக்கீல். வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார், எதுவும் எழுதாத தாள்களிலும் வாங்கினார். ஃபீஸுக்கு ரசீது கிடையாது. அதன்பிறகு எப்போது போன் செய்தாலும், "வாய்தா போட்டிருக்காங்கம்மா, நீங்க அலைய வேண்டாம், தேவைன்னா நானே கூப்பிடுறேன்" என்பதுதான் பதில். சில நாள் குமாஸ்தா எடுப்பார், அதையே சொல்வார்.

ஒரு நாள் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. அது தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு, அதாவது இ.பி. தீர்ப்பே வராமல் நிறைவேற்று மனு எப்படி வரும்? வக்கீலைக் கேட்டால், "அது சும்மா ஃபார்மாலிட்டி, ஸ்டே வாங்கிடலாம்" என்று சொல்லி அதற்கும் பணம் வாங்கினார். அந்த ஸ்டே மனுவும் கடைசி வரை தாக்கல் ஆகவில்லை.

அப்போதுதான் அக்கா என்னிடம் சொன்னார். வழக்கு நிலவரம் காட்டும் ஈகோர்ட்ஸ் ஆப்பில் மாவட்டம், கோர்ட், அக்காவின் பெயர் போட்டுத் தேடினேன். வழக்கு முடிந்துவிட்டதாகவும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது நம் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாகக் கொடுத்த தீர்ப்பு, என்றும் வந்தது. ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்பதும் அதில் வரிசையாக இருந்தது. எதிர்வழக்குரைக்காக (வழக்குக்கு நம் தரப்பு எழுத்தில் தரும் பதில்) தள்ளிவைப்பு, மறுபடி தள்ளிவைப்பு, தாக்கல் ஆகவில்லை, அப்புறம் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. எதிர்வழக்குரை தாக்கல் செய்ய சிவில் நடைமுறைச் சட்டம் தருவது 30 நாள். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். அத்தனையையும் வக்கீல் சும்மா விட்டிருந்தார்.

உங்கள் வழக்குக்கும் அதை அடையாளம் காட்டும் 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும். அதை வக்கீலிடம் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன நடந்தது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம், காசு கிடையாது. இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி ஏமாற்று நடக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

வழக்குக் காகிதக் கட்டைத் திருப்பிக் கேட்டபோது, மீதி ஃபீஸ் கொடுத்துவிட்டு எடுத்துப்போங்கள் என்றார் வக்கீல். இங்கே பலர் பயந்து பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இலேயே சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூலிக்க வேண்டியதுதான். நாங்கள் காத்திருக்கவில்லை. கோர்ட்டில் மனு போட்டு வழக்குக் காகிதங்களுக்குச் சான்றிட்ட நகல் எடுத்தோம். பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தராவிட்டாலும், கோர்ட்டின் அனுமதி பெற்று வேறு வக்கீல் வைக்கலாம்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு. சம்மன் சரியாக வந்து சேர்ந்திருந்தால் அது தீர்ப்பு தேதியிலிருந்தே ஓடும். எங்களுக்கு அது எப்போதோ தாண்டிப்போயிருந்தது. அதனால் காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. வக்கீலின் தவறுக்கு அப்பாவிக் கட்சிக்காரர் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று 1981-இல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உதவியது. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். 'நீங்கள் ஏன் விசாரிக்கவே இல்லை' என்று கேட்டுத் தள்ளுபடி செய்த தீர்ப்புகளும் நிறைய உண்டு. அக்கா போனில் பேசியதோடு நிற்காமல் வாட்ஸ்அப்பிலும் அடிக்கடி கேட்டிருந்தார், வக்கீலும் "வாய்தா" என்று பதில் போட்டிருந்தார். அந்தப் பதில்கள்தான் எங்களைக் காப்பாற்றின. ஆகவே வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள், பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நிறையப் பேர் யோசனை சொன்னார்கள். அந்தக் கதவு இப்போது இல்லை. வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே 14-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் சட்டம் அதுதான். மிச்சம் இருப்பது இரண்டு வழி. அலட்சியத்தால் வந்த நஷ்டத்துக்குச் சிவில் வழக்கு போடலாம். வக்கீல் என்பதாலேயே ஒருவர் அதிலிருந்து தப்ப முடியாது என்று 1926-ஆம் ஆண்டின் வக்கீல்கள் ஃபீஸ் சட்டமே சொல்கிறது. இன்னொன்று, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவில், வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலுக்குப் புகார். நமக்கு அது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். அங்கே கண்டிக்கலாம், தொழில் செய்யத் தற்காலிகத் தடை போடலாம், பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். புகாரை ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். வழக்கு தோற்றதே வக்கீலின் குற்றம் ஆகாது. நேர்மையாக வாதாடியும் தோற்கலாம். பொய் சொல்வது, வழக்கைக் கைவிட்டு மறைப்பது, கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்குக் காட்டாதது, எதிராளியோடு சேர்ந்துகொள்வது, இவைதான் புகாருக்கு உரியவை. ஜெயித்தால் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேரம் பேசுவதும் இந்திய பார் கவுன்சில் விதிப்படி தவறு. விபத்து நஷ்டஈட்டு வழக்குகளில் இது நடக்கிறது, கவனமாக இருங்கள்.

புது வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் முடங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம், மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம்.

எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கோர்ட் அக்காவின் மனுவை ஏற்றது. எதிர்வழக்குரை தாக்கல் ஆகிவிட்டது, வழக்கு இனிமேல்தான் உண்மையில் தொடங்குகிறது. பார் கவுன்சில் புகார் விசாரணையில் இருக்கிறது. அதே வக்கீலிடம் கட்டு கொடுத்திருக்கும் வேறு சிலர் வீடு தேடி வந்து கேட்கிறார்கள். அவர்கள் வழக்குகளையும் ஆப்பில் தேடி, நிலவரத்தை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.