நில ஒப்புகைப் பயிற்சிப் பட்டறை: முதல் ஒரு மணி நேரத்துக்காகப் போகலாம்

ரொறன்ரோவில் எங்கள் சங்க விழாக்கள் மங்கல விளக்கேற்றல், நாட்டுப்பண், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம், நில ஒப்புகை என்ற வரிசையில் தொடங்கும். இவற்றுள் கடைசியாக வருவது, நாம் கூடியிருக்கும் நிலம் கனடாவின் முதற்குடி மக்களுடையது என்பதை ஏற்றுச் சொல்லும் சிற்றுரை. அதை வாசிப்பவர் ஆனிஷினாபே, ஹோடனோஷோனி என்ற அம்மக்களின் பெயர்களில் தடுமாறி, தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். இரண்டு ஆண்டுகள் அப்படி இறங்கியவன் நான் என்பதால், நில ஒப்புகையைப் பொருளுணர்ந்து சொல்லக் கற்பிப்பதாக விளம்பரம் செய்த அரைநாள் பட்டறை ஒன்றுக்குக் கட்டணம் செலுத்திப் போனேன்.

முதல் ஒரு மணி நேரம் கொடுத்த காசுக்குத் தகுந்ததாக இருந்தது. பயிற்றுநர் பொதுவான அனுதாபப் பேச்சு எதுவுமின்றி நேரே உறுதிப் பத்திரத்துக்கு வந்தார். ரொறன்ரோ நிலத்தை மிசிசாகா என்ற முதற்குடி மக்களிடமிருந்து வாங்கியதாக பிரித்தானியர் 1787இல் எழுதிக்கொண்ட உறுதியில் காணியின் விவரமே இல்லை. கையொப்பமாகத் தலைவர்களின் குலக்குறிகள் வேறு தாளில் இடப்பட்டு அதில் இணைக்கப்பட்டிருந்தன. இந்த ஓட்டையை அடைக்க 1805இல் மீண்டும் ஓர் ஒப்பந்தம் செய்து, 250,880 ஏக்கரைப் பத்து ஷில்லிங்குக்கு உறுதிப்படுத்திக்கொண்டார்கள். காணி விவகாரங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கனடிய அரசு இதற்காக 14.5 கோடி டொலர் இழப்பீடு தர இணங்கியது 2010இல்தான்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு பட்டறை சரிந்தது. முதற்குடி மக்களை ஆள்வதற்கான 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பதும், குழாய் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டிய, அம்மக்களுக்கென ஒதுக்கிய நிலத்து ஊர்கள் இன்னும் இருப்பதும், பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட 150,000க்கும் அதிகமான பிள்ளைகளின் கதையும் சில நிமிடங்களில் ஓடி மறைந்தன. 1847இல் இடம்பெயர்ந்து ஒன்ராறியோ மாகாணத்தின் ஹேகர்ஸ்வில் அருகே இன்றும் வாழும் மிசிசாகா மக்களைப் பற்றி, அவர்கள் என்றோ அழிந்துபோனவர்கள் போல "வாழ்ந்தார்கள்" என்றே பயிற்றுநர் சொல்லிக்கொண்டிருந்தார். முதற்குடி மக்களில் ஒருவரையாவது பேச அழைத்திருக்கலாம். முடிவில், நிறுவனத்தின் பெயரை நிரப்ப வெற்றிடம் விட்ட மாதிரி உரை ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தார்கள். வெற்று உறுதியைப் பற்றிப் பாடம் நடத்தியவர்களே வெற்றுத் தாளைக் கொடுத்தபோது சிரிப்பு வந்தது.

அந்தத் தாளை நான் பயன்படுத்தவில்லை. எங்கள் பழைய உரையில் "வாழ்ந்த" என்பதை "வாழும்" என்று திருத்தி, பத்து ஷில்லிங் விவரத்தை ஒரு வரியில் சேர்த்து, பெயர்களை வீட்டில் நாலு முறை சொல்லிப் பழகிக்கொண்டேன்.