மீன் எண்ணெய் மாத்திரை: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 1000 மி.கி. என்று போட்டிருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வகையில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மி.கி. இருக்கும்; இரண்டும் மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு வகைகள். ஒமேகா-3 என்று நாம் காசு கொடுப்பது இந்த 300-க்குத்தான். மீதியில் பெரும்பகுதி வேறு கொழுப்பு.

எனக்கு ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 300-ஐத் தாண்டி நின்றது. 150-க்குள் இருக்க வேண்டியது. "இதயத்துக்கு நல்லது சார், தினம் ஒன்று போதும்" என்றார் மருந்துக் கடைக்காரர். அந்த ஒன்றால் ரத்தப் பரிசோதனையில் எந்த அசைவும் தெரியவில்லை. தெரியவும் தெரியாது என்றார் டாக்டர். ட்ரைகிளிசரைடு இறங்க ஈ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்ந்து தினமும் 2 முதல் 4 கிராம் வரை வேண்டுமாம். செறிவு கூடிய வகையை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு எண்ணிக்கை 200-க்குப் பக்கத்தில் வந்தது. முழுப் புகழும் மாத்திரைக்கு இல்லை; இரவுச் சோறு பாதியானது, மாலை பஜ்ஜி அடியோடு நின்றது.

தொல்லை ஏப்பம்தான். வெறும் வயிற்றில் போட்டால் மதியம் வரை மீன் மார்க்கெட்டில் நிற்பதுபோல் இருக்கும். சாப்பாட்டோடு போட்டால் அடங்கும், உடலிலும் நன்றாகச் சேரும். சித்திரை வெயிலில் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒன்றை ஊசியால் குத்திப் பார்த்தேன்: சிக்கு வாடை. டப்பாவோடு குப்பைக்குப் போயிற்று.

சரி, மாரடைப்பைத் தடுக்குமா? 1999-இல் இத்தாலியின் கிஸ்ஸி ஆய்வு, மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்குப் பலன் கண்டது. 2018-இல் வெளியான வைட்டல், அசெண்ட் ஆய்வுகளில் தினம் ஒரு கிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை. அதே ஆண்டில் ரெட்யூஸ்-இட் ஆய்வு, தூய ஈ.பி.ஏ. 4 கிராமில் இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் ஒப்பிடுவதற்காக மருந்துக்குப் பதில் மற்றவர்களுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே கெடுதல் செய்திருக்கலாம் என்ற சர்ச்சை ஓயவில்லை. 2020-இல் ஸ்ட்ரெங்த் ஆய்வு, ஈ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் கலந்த 4 கிராமில் பலனே காணவில்லை. ஆகவே என் கணக்கில் இது ட்ரைகிளிசரைடு மருந்து, அவ்வளவே. மற்றவர்கள் வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைத்துக்கொள்ளலாம். சைவர்களுக்கு ஆளி விதை நல்லதுதான், ஆனால் அதிலுள்ள ஒமேகா-3 ஈ.பி.ஏ.வாக மாறுவது மிகக் கொஞ்சம்.

அளவு கூடினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. இது எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்காது, சிலருக்கு ஏற்றவும் செய்யும். "இயற்கையானது" என்று, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறிய என் சித்தப்பாவுக்கு அடுத்த பரிசோதனையிலேயே அது ஏறியிருந்தது. டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு பழைய மாத்திரைக்கே திரும்பிவிட்டார்.