பழைய எக்ஸ்பி கணினி: அப்படியே காப்பதா, விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றுவதா?

வாடிக்கையாளரிடம் இன்னும் ஓடும் பழைய கணினி இப்படி: டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவில் (பழைய டேட்டாபேஸ் மென்பொருள்) எழுதிய பில்லிங் புரோகிராம், எல்பிடி போர்ட்டில் (பழைய பேரலல் பிரிண்டர் போர்ட்) டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அந்தப் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. அதனால் மாற்றத் தயங்கும் வாடிக்கையாளரைக் குறை சொல்ல முடியாது.

பழைய பெட்டியையே காப்பது மலிவு. நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போய் பில்லெல்லாம் தப்பாக விழும். குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்து வையுங்கள். மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் இந்த வழியை மறந்துவிடலாம்.

விர்ச்சுவல் மெஷின் என்பது புதிய கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி. அதில் பழைய ஹார்டுவேர் பயம் இல்லை. அதை அணைத்துவிட்டு அதன் ஃபோல்டரை நகலெடுத்தால் முழு பேக்கப். சிக்கல் தொடக்கத்தில்தான். டிஸ்க்கை சாட்டா கண்ட்ரோலரில் இணைத்தால், எக்ஸ்பியில் அதற்கான (ஏஹெச்சிஐ) டிரைவர் இல்லாததால் பூட்டிலேயே நீலத்திரை வரும். விர்ச்சுவல்பாக்ஸில் (விர்ச்சுவல் மெஷின் உருவாக்கும் மென்பொருள்) ஐடிஇ என்ற பழைய வகை டிஸ்க் கண்ட்ரோலரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஆக்டிவேஷனும் மறுபடி கேட்கலாம்.

பெரிய தலைவலி பிரிண்டர். டாஸ் புரோகிராம் பில்லை எல்பிடி1 போர்ட்டுக்குத்தான் அனுப்பும்; யுஎஸ்பி–பேரலல் கேபிள் எல்பிடி1 ஆகத் தெரியாது. ஹோஸ்ட் கணினியில் (விர்ச்சுவல் மெஷின் ஓடும் புதிய கணினி) பிரிண்டரை ஷேர் செய்தால் எக்ஸ்பிக்காக எஸ்எம்பி1 என்ற பழைய, பாதுகாப்பற்ற பகிர்வு முறையைத் திறக்க நேரும், அது ஆபத்து. கேபிளை விர்ச்சுவல் மெஷினுக்கே கொடுத்து, எக்ஸ்பிக்குள் பிரிண்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்புங்கள். விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் அடாப்டரை ஹோஸ்ட்-ஒன்லியில் (இணையத்துக்குப் போகாமல் ஹோஸ்டோடு மட்டும் பேசும் அமைப்பு) வையுங்கள். முழுக்க அணைத்தால் ஷேரும் கிடைக்காமல் போகலாம்.

எங்கள் தேர்வு விர்ச்சுவல் மெஷின்தான். பேரலல் போர்ட்டில் லைசென்ஸ் டாங்கிள் (புரோகிராம் ஓடத் தேவையான சாவிக் கருவி) இருந்தால் மட்டும் பழைய பெட்டி.