கைர்பூர் அசீல்: பழமா, சுஹாராவா?

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக் கைர்பூரில் ஜூலை பிறந்தால் பேரீச்சைத் தோப்புக்காரர்களின் கண் வானத்தில்தான். அங்கே முக்கிய ரகம் அசீல். மரத்திலேயே பழுக்கவிட்டால் நல்ல விலை உண்டு. அதற்குள் பருவமழை பிடித்துக்கொண்டால் தோல் வெடிக்கும், பழம் புளிக்கும், பூஞ்சை ஏறும்.

சுஹாரா, அதாவது வேகவைத்து உலர்த்திய பேரீச்சங்காய்க்கு, அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். காய் மஞ்சளாகி, கடினம் குறையுமுன் குலையை வெட்டி, உதிர்த்து, கொப்பரையில் கொதிநீரில் வேகவைப்பார்கள். பிறகு பாயில் பரப்பிச் சில நாள் வெயில். தமிழ்நாட்டு மளிகைக்கடையில் கல்போல் இருக்கும் பேரீச்சங்காய் இந்த வகைதான். உள்ளே ஈரம் தங்கினால் மூட்டையிலேயே கெடும். விறகுச் செலவும் கூலியும் தனி.

சந்தைதான் சிக்கல். சுஹாராவைப் பெருமளவு வாங்கிய இந்தியா, 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் சரக்குக்கு 200% சுங்கம் விதித்தது. ஆனாலும் மேகம் திரண்டால் சுஹாராதான். முழுத் தோப்பையும் பழத்துக்கு விடுவது சூதாட்டம்.