ஸட்ஜமத்துக்கு ஸட்ஜமம் குத்திய ஸ்பீக்கர்

நான் நாலு வருடம் ஹாலில் வைத்திருந்த அதே ஸ்பீக்கர் ஜோடி இப்போது நல்ல தள்ளுபடியில் வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். "வேண்டாம்" என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அது போதவில்லை. அதனால் காரணத்தை எழுதுகிறேன்.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருடத்தில் ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் இறுக்கமாக, வழியாமல் வரும். வீணையில் நகம் தந்தியைத் தொடுகிற அந்தச் சின்னச் சத்தம்கூடக் கேட்கும். கடையில் இந்தத் துல்லியத்தில்தான் மயங்கினேன். பத்து நிமிடம் மாற்றி மாற்றிக் கேட்டால், கூர்மையாக ஒலிப்பது பக்கத்தில் இருப்பதையெல்லாம் மங்கலாக்கிவிடும். வீட்டில் யார் பத்து நிமிடத்தில் கேட்டு முடிக்கிறார்கள்?

தொல்லை முழுக்க 'ஸ'வில். பெண் குரலில் அந்த எழுத்து வந்தாலே, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி தெறிக்கும். அந்தச் சீறலின் பலம் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். இந்த ஸ்பீக்கர் சரியாக அங்கேதான் எகிறியது. கச்சேரியில் கல்பனாஸ்வரம், அதாவது ஸரிகம என்று ஸ்வரங்களையே கோத்துப் பாடுவது ஆரம்பித்தால், 'ஸ' என்று பாடும் ஸட்ஜமத்துக்கு ஸட்ஜமம் ஒரு குத்து. ஒன்பது வயது மகள் "பல்லு கூசுதுப்பா" என்று எழுந்து போய்விடுவாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

செய்யாத வைத்தியம் இல்லை. ஹால் பதினோரு அடிக்குப் பதினான்கு. கீழே டைல்ஸ், பக்கத்தில் கண்ணாடி ஜன்னல். உயர்ந்த ஒலியை இரண்டுமே அப்படியே திருப்பி அடிக்கும். பவானி ஜமுக்காளத்தை மடித்து விரித்தேன், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன். ட்வீட்டரின் (பெட்டிக்குள் உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) உச்ச ஒலி நேர்க்கோட்டில்தான் பலமாகப் போகும் என்பதால், எங்கள் முகத்தைப் பார்த்திருந்த ஸ்பீக்கர்களை எங்களை நேரே பார்க்காதபடி திருப்பி வைத்தேன். இது உண்மையாகவே உதவியது. 1978இல் வந்த யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரின் ட்வீட்டர்மீது கூர்மையைத் தணிக்க ஸ்டுடியோக்காரர்கள் டிஷ்யூ தாளைத் தொங்கவிட்டது பிரபலம். அதையும் செய்து பார்த்தேன். கடைசியில் மெக்கானிக் ஒருவர் ட்வீட்டருக்குத் தொடராக 2 ஓம் ரெசிஸ்டர் போட்டுக் கொடுத்தார். 8 ஓம் ட்வீட்டரில் அது ஒலியைச் சுமார் 2 டெசிபல் குறைக்கும். குத்து கொஞ்சம் தணிந்தது, ஜால்ராவின் கணீரும் கூடவே போய்விட்டது. மேட்டை வெட்டாமல் தெருவையே தாழ்த்திய கதைதான்.

இந்தக் குத்துக்கு, இதிலிருந்த மெட்டல் ட்வீட்டரைத் திட்டுகிறவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன், மெட்டலில் இதமாக ஒலிப்பவற்றையும் கேட்டிருக்கிறேன். உயர்ந்த ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரை எப்படி அமைத்தார்கள், எந்த அறையில் வைத்தோம் என்பதும் சேர்ந்ததுதான் ஒலி.

ஒன்றரை வருடம் முன்பு துணி ட்வீட்டர் உள்ள ஒரு ஜோடிக்கு மாறினேன். இந்த முறை கடையில் முடிவு செய்யவில்லை. கெஞ்சிக் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்து, என் ஆம்ப்ளிஃபையரில், எனக்கு மனப்பாடமான பதிவுகளை இரண்டு சாயங்காலம் கேட்டேன். இரண்டு மணி நேரக் கச்சேரி முடியும்வரை ரிமோட்டைத் தொடவில்லை. மகள் தரையிலேயே தூங்கிப்போனாள். எனக்கு அழுகை வராத குறை.

ஒரு வாரம் கழித்து அப்பா சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு. சாகித்தியம்தான் புரியல."

அவருக்கு எழுபத்தாறு வயது. வயதானால் முதலில் போவது உயர்ந்த ஒலிதான். பாட்டின் வரிகளில் 'ச', 'த' மாதிரி எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் சத்தம் அங்கேதான் இருக்கிறது. எங்களைக் குத்திய கூர்மை அவருக்குச் சரியான அளவாக இருந்திருக்கிறது. நாலு வருடம் அவர் ஒரு குறையும் சொல்லாததற்கு அர்த்தம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆம்ப்பில் ட்ரெபிளைக் கூட்டினால் அவர் முகம் மலர்கிறது, மகள் காதைப் பொத்துகிறாள்.

சரி என்று பரணிலிருந்து பழையதை இறக்கி, ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, ஒரு சின்ன ஆம்ப்போடு அப்பா அறையில் வைத்தேன். இப்போது காலை ஐந்தரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறார், வரிக்கு வரி கூடவே முணுமுணுக்கிறார்.

நண்பருக்கு என் பதிலில் மாற்றமில்லை. பாதி விலைக்கு வந்தாலும் உங்கள் ஹாலுக்கு அது வேண்டாம். அங்கேயும் டைல்ஸ், இரண்டு குழந்தைகள். அம்மா அறைக்கு என்றால் மட்டும் சொல்லுங்கள், ஒரு நாள் காலையில் அவரை இங்கே அழைத்து வாருங்கள், அப்பாவோடு உட்கார்ந்து கேட்கட்டும்.