உயிரொலியை அளக்க ப்ராட்: இலவசம்தான், ஆனால் அமைப்பை மாற்றாமல் தொடாதீர்கள்

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் எழுதிய மென்பொருள் ப்ராட். ஜிப்பைப் பிரித்துச் சொடுக்கினால் போதும், இன்ஸ்டால் கிடையாது. திறந்ததும் இரண்டு சன்னல் வரும். படம் வரைவதற்கான இரண்டாவதை மூடிவிடலாம்.

மோனோ, 44100 ஹெர்ட்ஸில் பதிந்து 'வியூ அண்ட் எடிட்' கொடுங்கள். சிவப்புப் புள்ளிகள்தான் ஃபார்மன்ட், அதாவது வாய்க்குழி ஒத்ததிரும் அலைவெண்கள். உயிரின் நடுப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்1, எஃப்2 விசைகளைத் தட்டினால் முதல், இரண்டாம் ஃபார்மன்ட்களின் அளவு வந்துவிடும். அவற்றுக்கும் எஃப்1, எஃப்2 என்றே பெயர். ஓரங்களைச் சேர்த்தால் பக்கத்து மெய் அளவை இழுத்துவிடும்.

பலர் சறுக்குவது ஃபார்மன்ட் உச்சவரம்பில், அதாவது ப்ராட் ஃபார்மன்ட்களைத் தேடும் மேல் எல்லையில். அது 5500 ஹெர்ட்ஸ் என்றே வரும். பெண் குரலுக்குச் சரி. ஆண் குரலுக்கு 5000 ஆக்குங்கள். இல்லாவிட்டால் 'ஊ'வில் கீழே நெருங்கி நிற்கும் இரண்டு ஃபார்மன்ட்களும் ஒன்றாகிவிடும், மூன்றாவது ஃபார்மன்ட் இரண்டாவதாக வேடம் போடும். சிறு குழந்தைக்கு 8000 வரை ஏற்றலாம்.

தமிழுக்கு இதன் அருமை தெரிய 'முக்கு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் உகரத்தில் உதடு குவியும், எஃப்2 தாழும். கடைசிக் குற்றியலுகரத்தில் உதடு குவியாது, எஃப்2 மேலே போகும். இலக்கணம் மாத்திரையைத்தான் சொன்னது. உதட்டை இங்கே கண்ணால் பார்க்கலாம். எடு, ஏடு நீள வித்தியாசமும் மில்லிசெகண்டுக் கணக்கில் கிடைக்கும்.

முகப்பு பழைய காலத்து முகம். அளவு ஏமாற்றாது, வரம்பைச் சரியாக வைத்தால்.