மார்க் 5 கார்டு வாங்கப் போறீங்களா? ஸ்டிக்கரை உரிச்சுப் பாருங்க

மலேசியாவின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் கேஸ் டர்பைன் பராமரிப்பு வேலை எனக்கு. எங்கள் மிஷின் இன்னும் ஜிஇ கம்பெனியின் மார்க் 5 என்ற பழைய கன்ட்ரோல் சிஸ்டத்தில்தான் ஓடுகிறது. ஆர், எஸ், டி என்று ஒரே வேலையைச் செய்யும் மூன்று கன்ட்ரோல் கம்ப்யூட்டர், அதாவது கோர். இரண்டு ஒத்துப்போனால் அதுவே முடிவு. அதனால் தீபாவளிக்கு முந்தின வாரம் எஸ் கோரின் டிசிகியூஏ என்ற சர்க்கியூட் கார்டு மண்டையைப் போட்டபோது மிஷின் நிற்கவில்லை. ஆனால் இன்னொரு கோரும் படுத்தால் டிரிப்தான், மிஷின் நின்றுவிடும். வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள், வால்வின் நிலையை அளக்கும் எல்விடிடி, அதை நகர்த்தும் சர்வோ வால்வு எல்லாம் அந்தக் கார்டு வழியாகத்தான்.

இந்தப் பழைய கார்டுகளைப் பெரும்பாலும் வெளி மார்க்கெட்டில்தான் தேட வேண்டும். கோலாலம்பூர் ஆள் ஒருவர் கிடைத்தார். 9,800 வெள்ளி (ரிங்கிட்), பாதி முன்பணம். "டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டோட தரேன் அண்ணே, ஒரு வருஷம் வாரண்டி." பாஸிடம் பரிந்து பேசியது நான்தான்.

வந்த கார்டு பளபளவென்று இருந்தது. பழைய கார்டிலிருந்து புரோகிராம் இருக்கும் ப்ராம் சில்லுகளை இதற்கு மாற்றி, ஜம்பர் என்ற சின்ன செட்டிங் இணைப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வைத்துப் போட்டேன். எல்விடிடி அளவு ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. கழற்றி, லென்ஸை வைத்துப் பார்த்தேன். பூச்சுக்கு அடியில் தூசி. அதோடு பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த ஒரு மயிர்! கழுவாமலே மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் பார்ட் நம்பரின் கடைசி எழுத்து பழைய ரிவிஷன். ஒரு ஐசி சில்லு மேல் அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்துத் தேய்த்தேன். பஞ்சு கறுத்தது, எழுத்து போனது, அடியில் உரசின கோடுகள். பக்கத்து ஐசியில் 9618, அதாவது 1996-ன் 18-ஆவது வாரம். தேய்ப்பதற்கு முன் இதில் இருந்தது 1403, அதாவது 2014-ன் 3-ஆவது வாரம். பழுது பார்த்து மாற்றியிருந்தால் தப்பில்லை, அதை ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டில் 'பாஸ்' என்ற முத்திரையும் ஒரு கையெழுத்தும்தான். சீரியல் நம்பர்கூட இல்லை.

பணம் கட்டுமுன் கார்டின் இரண்டு பக்கமும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். ரிப்போர்ட்டில் சீரியல் நம்பரும், எந்த ரேக்கில் போட்டுச் சோதித்தார்கள் என்பதும் இருக்கட்டும். வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீஸின் செமாக் மூல் தளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம். நான் பார்க்கவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரை விசாரிக்கும் என்று ஓடாதீர்கள். அது வீட்டு உபயோகச் சாமான்களுக்கு. போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் சொந்தக் கார்டைப் பழுது பார்க்கக் கொடுத்தோம். இரண்டு கெப்பாசிட்டர் போயிருந்ததாம், 1,900 வெள்ளியில் முடிந்தது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

போன வாரம் அதே ஆளிடமிருந்து வாட்ஸ்அப்: "அண்ணே, கெட்டுப்போன கார்டு ஏதும் இருந்தா சொல்லுங்க, நல்ல விலைக்கு எடுத்துக்கறேன்."